தாள்களில் தங்கிய வரலாறு

ஓர் ஆய்வாளர் மறைந்தபின் அவர் எழுதிய நூல்கள் நூலகங்களில் இடம்பெறுகின்றன. அந்நூல்கள் உருவாகக் காரணமான குறிப்பேடுகள், கடிதங்கள், அடித்துத் திருத்திய படிகள், நேர்காணல் ஒலிநாடாக்கள் ஆகியன எங்கே போகின்றன? பெரும்பாலும் பழைய தாள் வாங்குவோரின் தராசுக்குத்தான். ஆய்வாளர் எதைக் கண்டார் என்பதை நூலிலிருந்து அறியலாம். எதைத் தேடினார், எதை ஏற்கத் தயங்கினார், எவரிடம் கேட்டறிந்தார் என்பன அத்தாள்களில் மட்டுமே கிடைக்கும்.

பெண்கள் வரலாற்றில் இவ்விழப்பு இன்னும் கடுமையானது. அரசு ஆவணங்களில் பெண்ணின் பெயர் சொத்துரிமை, வழக்கு, மக்கள்தொகைக் கணக்கு போன்ற சில இடங்களிலேயே தென்படும். எஞ்சியவை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கடிதங்களும் கணக்குகளும் நிழற்படங்களுமாகும். அவற்றைத் தேடித் திரட்டிய ஆய்வாளரின் சேகரிப்பே சில வேளைகளில் உலகில் எஞ்சிய ஒரே படியாக இருக்கும். அமெரிக்க வரலாற்றாசிரியை மேரி பியர்ட் இதனை உணர்ந்து, 1935இல் நியூயார்க்கில் பெண்களுக்கான உலக ஆவண மையம் ஒன்றைத் தொடங்கும் பணியில் இறங்கினார். பொருளின்மையால் 1940இல் அது மூடப்பட்டது. ஆயினும் 1943இல் மாட் வுட் பார்க் என்னும் அம்மையார் வாக்குரிமை இயக்கம் பற்றிய தம் தாள்களை ராட்கிளிஃப் கல்லூரிக்கு வழங்கினார். அதுவே வளர்ந்து, இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷ்லெசிங்கர் நூலகமாக விளங்குகிறது.

நம் நாட்டில் இம்முயற்சிக்கு வித்திட்டோருள் சமூகவியல் அறிஞர் நீரா தேசாய் (1925–2009) குறிப்பிடத்தக்கவர். அவருடைய முதுகலை ஆய்வேடு 1957இல் நவீன இந்தியாவில் பெண்ணின் நிலை பற்றிய நூலாக வெளிவந்தது. 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்ணிய ஆய்வு மையத்தை அவர் நிறுவினார். இந்தியப் பெண்களின் நிலை குறித்து ஆராய அரசு அமைத்த குழு தன் அறிக்கையை அளித்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், தமிழரான சி.எஸ். லக்ஷ்மி ஆகிய மூவரும் இணைந்து மும்பையில் ‘ஸ்பாரோ’ என்னும் ஒலி, ஒளிப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினர்.

அம்பை என்ற பெயரில் சிறுகதைகள் எழுதிவரும் சி.எஸ். லக்ஷ்மி 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர். தமிழ் இலக்கியத்தில் பெண்கள் குறித்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஆய்வு நூல் 1984இல் வெளியாயிற்று. இத்தகைய ஆய்வுக்கு ஆதாரங்கள் எங்கே உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ போன்ற இதழ்களை வெறும் பொழுதுபோக்கு ஏடுகளாகக் கருதி ஒதுக்கியோர் பலர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட ‘காதலா கடமையா’ என்னும் நாவலுக்கு உ.வே. சாமிநாதையரே முன்னுரை வழங்கியுள்ளார். இருந்தும் நம் சமுதாயத்துப் பட்டதாரிகளுள் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பர்? உ.வே.சா.வின் முன்னுரை பெற்ற நூலுக்கே இந்நிலை என்றால் அச்சேறாத எழுத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பாரோவின் சிறப்பு அது தாளோடு நின்றுவிடாமையாகும். எழுத வாய்ப்பில்லாத பெண்களின் வாய்மொழி வரலாறுகளை ஒலியாகவும் ஒளிப்படமாகவும் அது பதிவு செய்தது. இசைக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள், இயக்கத்தினர் எனப் பலதரப்பட்ட பெண்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தனர். நிழற்படங்கள், சுவரொட்டிகள், விளம்பரங்கள் ஆகியனவும் அங்குச் சேர்க்கப்பட்டன. விளம்பரம் ஆவணமாகுமா என்று வியக்க வேண்டாம். ஒரு காலத்துச் சமுதாயம் பெண்ணை எவ்வாறு கண்டது என்பதைச் சவர்க்கார விளம்பரம் ஒன்று தெளிவாகக் காட்டிவிடும்.

காப்பகத்தின் நடைமுறையையும் சிறிது விளக்குவோம். ஒருவருடைய தாள்கள் வந்து சேர்ந்ததும் அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கலைத்துவிடக் கூடாது. உரியவர் வைத்திருந்த வரிசையே ஒரு செய்தியாகும். ஒரு கடிதம் எந்தக் குறிப்பேட்டின் இடையில் இருந்தது என்பதிலிருந்து அது எதற்குப் பயன்பட்டது என அறியலாம். அமிலமற்ற உறைகளில் இட்டு, பட்டியல் தயாரித்து, பிறர் நலனைப் பாதிக்கக் கூடிய தாள்களைக் குறித்த காலம்வரை மூடி வைப்பர். வாய்மொழிப் பதிவாயின் சொன்னவரின் இசைவு கட்டாயம். அமானிதம் என்ற சொல்லின் பொருள் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருள் சிலர் முகம் சுளிப்பர். அக்கொள்கையின் எல்லாக் கூறுகளையும் ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பெண்ணின் பெயரையும் அவள் ஆற்றிய பணியையும் ஏட்டில் பதிந்து காக்கும் முறை நமக்குப் புதியதன்று. ஹதீஸ் நூல்களை ஆசிரியர் முன்னிலையில் வாசித்து முடித்தபின், ஏட்டின் ஓரத்திலோ இறுதியிலோ ‘ஸமாஉ’க் குறிப்பு எழுதுவது முன்னோர் வழக்கம். ஓதியவர், ஆசிரியர், கேட்டவர்கள், எழுதியவர், இடம், நாள் யாவும் அதில் இருக்கும். தாமதமாக வந்தவரையும் இடையில் உறங்கியவரையும்கூட விடாது குறித்தனர்! திமிஷ்க் ஏடுகளில் ஹிஜ்ரி 550 முதல் 750 வரை எழுதப்பட்ட இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து 1996இல் அகராதியாக வெளியிட்டனர். ஆசிரியைகளாகவும் மாணவியராகவும் அமர்ந்திருந்த பெண்களின் பெயர்கள் இவ்வாறே இன்றைய ஆய்வாளர் கைக்குக் கிட்டின. ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) தம் ‘அள்ளவ்உல் லாமிஉ’ நூலின் இறுதிப் பாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வரலாற்றைத் தந்ததும் இப்பதிவு மரபின் பயனே. மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அல்மர்வஸிய்யா (மறைவு ஹிஜ்ரி 463) படியை மூலத்தோடு ஒப்பிட்டே அறிவிப்பார். இன்றைய காப்பகங்கள் வலியுறுத்துவதும் அந்தக் கண்டிப்பைத்தான்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய கும்பினியின் ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இன்றும் பேணப்படுகின்றன. அதே ஊரில் பனையோலையால் கூடையும் பெட்டியும் முடையும் முஸ்லிம் பெண்களின் தொழில்நுணுக்கத்தை எந்தக் கும்பினி எழுதி வைக்கும்? அதை அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தாலன்றி வேறு வழியில்லை. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ வேறொரு வகை வரலாறு உருவாகிவருகிறது. வேலையை நாடி வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்கள் வாடகை வீடு மாறும்போதெல்லாம் முதலில் கழிக்கப்படுவது பாட்டியின் தகரப் பெட்டிதான். அதில் மஹர் ஒப்பந்தம் இருக்கலாம். ஊரிலிருந்து வந்த அரபுத்தமிழ்க் கடிதம் இருக்கலாம். ஆலைக்குச் சென்ற மகளின் முதல் சம்பளச் சீட்டும் இருக்கலாம்.

அரபுத்தமிழ்க் கடிதங்களின் நிலையே நம்மை மிகவும் கவலையுறச் செய்கிறது. தமிழ் எழுத்து அறியாத நம் மூதாட்டியர் பலர் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழை எழுதினர், படித்தனர். அவ்வெழுத்தைச் சரளமாகப் படிப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். வீட்டார் அவற்றை ஓதற்குரிய ஏடென எண்ணி, மரியாதையுடன் மண்ணில் புதைப்பதும் கடலில் சேர்ப்பதும் உண்டு. பேத்திக்குப் பாட்டி எழுதிய மருந்துக் குறிப்பு அவ்வாறு கடலடியில் கிடக்கக் கூடும். அரபுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது இத்தகைய தாள்களைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து வரலாம். யாருடையது, எந்த வீடு, எந்த ஆண்டு என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். மூலத்தின்மேல் மையால் எழுதுவதும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டில் ஒட்டுவதும் கூடாது. நிழற்படமாயின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதலாம். பெயர் எழுதும்போது ‘இன்னாரின் மனைவி’ என்று நிறுத்திவிடாமல் அப்பெண்ணின் பெயரையே முதலில் எழுதுக. ஸமாஉக் குறிப்பு எழுதியவர்களும் அவ்வாறே எழுதினர்.