ஊதினால் ஊரளவு, நிறுத்தால் உமியளவு!

பகல் மணி ஒன்று. லண்டன் நகரத்துக் காரியாலயம் ஒன்றிலே குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐ ஆம் ஸ்டார்விங்" என்கிறான். பட்டினியால் வாடுகிறேன் என்று பொருள். காலையிலே ரொட்டியும் முட்டையும் உண்டவன்தான்! பக்கத்து நாற்காலிக்காரன், ஒரு கோப்பை தேநீருக்காகச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான். சாகவில்லை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறான். மூன்றாமவன் சென்ற வாரம் பார்த்த நண்பனிடம், யுகக்கணக்கிலே உன்னைக் காணவில்லையே என்கிறான்.

பொய்யர்களா இவர்கள்? இல்லை, தோழர்களே! சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை, யார் மடியும் அவிழவில்லை. ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சிலே இது சாதாரணம். நம் பேச்சிலும் உண்டு.

இந்த மிகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். புலவன் அதனை 'ஹைபர்போலி' என்கிறான். கிரேக்கத்திலிருந்து வந்த சொல், இலக்கைத் தாண்டி எறிவது என்று பொருள். நம் அணியிலக்கணம் உயர்வு நவிற்சி என்கிறதே, அதுதான். சாமானியன் 'எக்ஸாஜரேஷன்' என்கிறான்; லத்தீனிலே அது மேலே மேலே குவிப்பது. கடைத்தெருக்காரனின் மிகைக்குப் பெயர் 'பஃப்'. ஊதுவது! அதையே 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கா 'ஹைப்' என்று ஆக்கிற்று. எறிதல், குவித்தல், ஊதுதல்: செயல் மூன்று, செய்பவரும் மூவர். இவற்றிலே எது விளையாட்டு, எது வினை என்று பிரித்தறிய வேண்டாமா?

விளையாட்டுக்கும் ஒரு விலை உண்டு. அளவின்றி அச்சடித்த நோட்டு மதிப்பிழப்பதுபோல, அளவின்றிச் செலவழித்த சொல்லும் தேய்ந்துபோகிறது. 'ஆஃபுல்' என்ற சொல் ஒரு காலத்திலே, கண்டவர் உள்ளம் நடுங்கிப் பணியும் பெருமையைக் குறித்தது. இன்று? மழை பெய்தாலும் ஆஃபுல், காபி ஆறிப்போனாலும் ஆஃபுல். 'டெரிபில்', 'டெரிஃபிக்' இரண்டும் அச்சம் என்ற ஒரே வேரிலே முளைத்தவை. ஒன்று மோசம் என்று ஆயிற்று, மற்றது பிரமாதம் என்று ஆயிற்று. பள்ளிப் பிள்ளையும் அறிந்த 'வெரி' என்ற சொல்லுக்கு ஆதியிலே உண்மையான என்று பொருள். இன்று அது வெறும் 'மிக'. சொன்னது சொன்னபடி, எழுத்துக்கு எழுத்து என்று சத்தியம் செய்யப் பிறந்த சொல் 'லிட்டரலி'. அதையும் விட்டார்களா? "லிட்டரலி சிரித்தே செத்தேன்" என்று செத்தவனே வந்து சொல்கிறான்! அகராதிகளும் வேறு வழியின்றி அந்தப் பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

இதனால் என்ன கெட்டது என்பீர்கள். அந்தக் குமாஸ்தா சொன்ன 'ஸ்டார்வ்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலே சாதல் என்றே பொருள். பிறகு பசியால் சாதல் என்று ஆயிற்று. பிறகு வெறும் பசி. அயர்லாந்திலே 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பசியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டார்கள். அந்தச் சாவைச் சொல்லவும் இந்தச் சொல்தான். சாப்பாடு அரை மணி தாமதமானதைச் சொல்லவும் இந்தச் சொல்தான்! வயிறு நிறைந்தவன் விளையாட்டாகச் செலவழித்துவிட்ட சொல்லை, வயிறு காய்ந்தவன் எடுத்துப் பேசும்போது, இவனும் அப்படித்தான் சொல்கிறான் என்று உலகம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஏழையிடம் இருப்பது சொல் ஒன்றுதான். அதுவும் தேய்ந்துவிட்டால் அவன் எதைக்கொண்டு கதவைத் தட்டுவான்?

இனி, ஊதுகிறவன் கதைக்கு வருவோம். ஷெரிடன் என்ற நாடக ஆசிரியர் 1779இலேயே 'தி கிரிட்டிக்' நாடகத்தில் மிஸ்டர் பஃப் என்றொரு பாத்திரத்தை மேடையேற்றினார். பத்திரிகையிலே புகழ்ந்து எழுதுவதே அவன் பிழைப்பு. ஊதுவதிலே எத்தனை வகை என்று பாடமே நடத்துகிறான்!

அவன் வாரிசுகள் 1891இலே லண்டனில் ஒரு விளம்பரம் செய்தார்கள். இன்ஃபுளூயன்சா காய்ச்சல் மக்களைக் கலக்கிய காலம். கார்பாலிக் புகைப்பந்து என்று ஒரு ரப்பர் பந்து. விலை 10 ஷில்லிங். அதிலிருந்து வரும் புகையை நாள்தோறும் மூன்று வேளை, இரண்டு வாரம் மூக்கிலே இழுத்தபின்பும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் பரிசு. இதற்காக வங்கியிலே 1000 பவுன் போட்டிருக்கிறோம் என்றார்கள். கார்லில் என்ற மாது வாங்கினார், சொன்னபடி இழுத்தார், காய்ச்சலும் வந்தது! பணம் கேட்டபோது கம்பெனி நீதிமன்றத்திலே என்ன சொல்லிற்று தெரியுமா? அது வெறும் பஃப்தானே, அதை யாராவது நம்பலாமா என்றது!

விற்கும்போது சத்தியம், கொடுக்கும்போது வெறும் ஊதல்! 1892 டிசம்பரிலே மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரும் அதை ஏற்கவில்லை. இத்தனை வேளை, இத்தனை வாரம், இத்தனை பவுன் என்று எண்ணிச் சொன்னீர்கள். வங்கியிலே பணம் வைத்ததாகவும் சொன்னீர்கள். இது ஊதல் அல்ல, வாக்கு என்றார்கள். 100 பவுன் கைக்கு வந்தது.

உழைக்கும் தோழர்களே, இந்தத் தீர்ப்பிலே உங்களுக்கு ஒரு தராசு இருக்கிறது. உலகிலேயே சிறந்தது, ஒப்பற்றது, ஈடிணையற்றது என்பதெல்லாம் காற்று. அதற்கு எந்தக் கோர்ட்டும் காசு வாங்கித் தராது. எவ்வளவு, எப்போது, தவறினால் என்ன தருவாய் என்பதற்கு வரும் பதில்தான் எடை. கடைக்காரனிடம் கேளுங்கள், கடன் கொடுப்பவனிடம் கேளுங்கள், போனஸ் தருகிறேன் என்னும் முதலாளியிடம் கேளுங்கள். மேடையிலே முழங்கும் எங்களையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பேச்சையும் இதே தட்டிலே வையுங்கள்.

நண்பன் மிகைப்படுத்தினால் சிரியுங்கள். நம்மிடம் பெற வந்தவன் மிகைப்படுத்தினால், சிரிப்பதற்குமுன் நிறுத்துப் பாருங்கள்!