பழைய எழுத்துமேசை ஒன்றைத் தெரிவு செய்யும்போது

எமது வீடுகளில் கட்டில் இருக்கும், அலுமாரி இருக்கும், சில வீடுகளில் தையல் இயந்திரமும் இருக்கும். ஆனால் உட்கார்ந்து எழுதுவதற்கென ஒரு மேசை இருக்கும் வீடுகள் குறைவு. வீட்டுப் பெண்ணுக்கென்று பூட்டுடன் கூடிய ஒரு லாச்சி இருக்கும் வீடு அதனிலும் குறைவு. பிறப்புச் சான்றிதழ் அரிசிப் பெட்டிக்குள்ளும், காணி உறுதி தலையணைக்கு அடியிலும், கடன் புத்தகம் சுவாமித் தட்டிலும் கிடக்கும். தேவைப்படும் நாளில் ஒன்றும் கைக்கு அகப்படாது.

போரினால் பாதிக்கப்பட்ட பெண்களாகிய எமக்கு ஒவ்வொரு கடதாசியும் ஓர் உரிமை. கணவரோ மகனோ காணாமற்போன குடும்பமென்றால், முறைப்பாட்டுப் பிரதிகள், பற்றுச்சீட்டுகள், புகைப்படங்கள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திற்குக் கொடுத்த விபரங்கள் என்று ஒரு கட்டே சேர்ந்துவிடும். இவற்றைப் பத்திரப்படுத்தவும், ஆறுதலாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதவும், பிள்ளை படிக்கவும் நல்ல மேசை ஒன்று வேண்டும். அது புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கவனமாகத் தெரிவு செய்தால் பழைய மேசை பல ஆண்டுகள் உழைக்கும்.

தெல்தோட்டையும் எழுத்தும்

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டைக்கு அண்மையில் உள்ளது லூல்கந்துர தோட்டம். 1852இல் இலங்கைக்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்குதான் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டம் இதுவே. அவர் தமது ஊருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அதே மலையில் காடு வெட்டி, கொழுந்து பறித்த எமது முன்னோரைப் பற்றியும் எழுதப்பட்டது. ஆனால் அதை எழுதியவர்கள் அவர்கள் அல்லர். தோட்டக் கந்தோர் மேசையில் செக்ரோலில் அவர்களது பெயர் பதியப்பட்டது. தொழிலாளியின் கடனைச் செலுத்துபவரிடம் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

கடதாசியால் வந்த துன்பம் அத்துடன் முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949இல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆதாரம் காட்ட முடியாத பலருடைய விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்கு இடம்பெயர்ந்தன. அங்கே 2009 வரை நீடித்த போரில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, இருந்த கடதாசிகளையும் இழந்தவர்கள் பலர். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஆயினும் 1964 முதல் இங்கு வாழ்வதையோ, அவ்வாறு வாழ்ந்தவரின் வழித்தோன்றல் என்பதையோ காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருக்கே இருந்தது.

எழுத்து இந்த மண்ணுக்குப் புதியதல்ல. 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் தெல்தோட்டை போப்பிட்டியைச் சேர்ந்தவரே. எழுதும் வசதி எமது பெண்களின் வீட்டுக்குள்ளும் வர வேண்டும் என்பதே இங்கு சொல்ல வருவது.

எந்த மரம்?

பழைய பங்களாக்கள், தோட்டக் கந்தோர்கள், பாடசாலைகளில் இருந்த மேசைகள் காலப்போக்கில் பழைய தளபாடக் கடைகளுக்கு வருவதுண்டு. கண்டிப் பக்கத்தில் பலா, தேக்கு, மகோகனி மேசைகளைக் காணலாம். பலா மஞ்சள் நிறமாக இருந்து, காலம் செல்லச் செல்லக் கபில நிறமாகும். தேக்கில் இயற்கையான எண்ணெய்த் தன்மை இருப்பதால் ஈரத்தையும் கறையானையும் ஓரளவு தாங்கும். வன்னியில் வாழ்ந்த சகோதரிகளுக்கு முதிரையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பாரமும் பலமும் உள்ள மரம் அது.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஈரம் பட்டால் ஊதிவிடும், ஆணியும் பிடிக்காது. திடமரத்தில் செய்த மேசையின் கால் ஆடினால் தச்சர் ஒருவர் திருத்தித் தருவார். மேற்பலகை கீறுப்பட்டாலும் சீவி எடுக்கலாம். மழையும் பனியும் மிகுந்த மலைப் பிரதேசத்தில் இது முக்கியம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் லாச்சியை முழுமையாக வெளியே இழுத்து, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மேசையின் உண்மையான வயது அங்கேதான் தெரியும். மூலைகள் புறா வால் வடிவில் வெட்டிக் கோர்க்கப்பட்டிருந்தால் வேலை உறுதியானது. அந்த வெட்டுகள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக இருந்தால் அது கைவேலை. வெறும் ஆணியடித்து ஒட்டிய மூலை விரைவில் கழன்றுவிடும்.

'துரை வைத்திருந்த மேசை, நூறு வருடப் பழையது' என்று சொல்லி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. கதையை நம்ப வேண்டாம், மரத்தைப் பாருங்கள். சிலுவை வெட்டுள்ள திருகாணிகள் 1930களில்தான் விற்பனைக்கு வந்தன. அவை இருந்தால் ஒன்றில் மேசை அதற்குப் பிந்தியது, அல்லது பின்னர் திருத்தப்பட்டது. கறுப்புச் சாயம் பூசிப் புதியதைப் பழையதாக்குவதும் உண்டு. கை படும் ஓரங்களிலும் கால் படும் கீழ்ச்சட்டத்திலும் தேய்வு இருப்பது இயல்பு. எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். எமக்கு வேண்டியது பாவனைக்கு உதவும் மேசையே. எனவே வயதுக்காக மேலதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது பூச்சி. சிறு துளைகள் இருந்தால் பயந்துவிட வேண்டாம். துளைக்கு அடியில் கறுப்புக் கடதாசி ஒன்றை விரித்துச் சில நாட்கள் விடச் சொல்லுங்கள். மாப்போன்ற புதிய தூள் விழுந்தால் புழு உயிருடன் இருக்கிறது. அந்த மேசையை விட்டுவிடுவது நல்லது. கால்களின் அடியை ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி இலகுவாக உள்ளே போனால் மரம் உக்கிவிட்டது.

பின்னர் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கையை மடித்து வைத்தால் மேற்பலகையின் மட்டத்தில் இருக்க வேண்டும். மேசைகள் பொதுவாக 29 அல்லது 30 அங்குல உயரமானவை. உங்களுக்கு அது கூடுதலென்றால் கதிரையில் மெத்தை போட்டு, காலுக்கு ஒரு பலகை வைக்கலாம். முழங்கால் இடிக்கும் மேசையில் பிள்ளை அதிக நேரம் படிக்காது.

வீட்டுக் கதவின் அகலத்தையும் மேசை வைக்கும் இடத்தையும் நூல் ஒன்றால் அளந்து கொண்டு செல்லுங்கள். லயன் அறையில் பெரிய மேசைக்கு இடமிராது. அத்தகைய வீட்டுக்குச் சரிவான மூடியுள்ள எழுத்துப் பெட்டி பொருத்தமானது. மூடியின் மேல் வைத்து எழுதலாம், உள்ளே கடதாசிகளை வைத்துப் பூட்டலாம், வேண்டாதபோது கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

பூட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். திறப்பு இல்லாவிட்டால் புதிய பூட்டுப் போட எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். திருத்த வேலைக்கும் லொறிக் கூலிக்கும் ஆகும் பணத்தையும் சேர்த்துப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள். பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்

பழைய பெயின்றில் ஈயம் கலந்திருக்கலாம். அதைக் காய்ந்தபடி அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசு சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆபத்தானது. பெயின்ற் பூசாத மேசையென்றால் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, தேன்மெழுகு பூசித் துடைத்தால் போதும். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். தரை ஈரமென்றால் கால்களுக்குக் கீழே சிறு கற்களை வையுங்கள்.

மேல் லாச்சியை முக்கியமான ஆவணங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், காணிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றை ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி உட்பட மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. எச்சரிக்கை வந்ததும் மேசையை விட்டுவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். கையில் எடுக்க நேரமில்லாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள், உயிரே முதன்மையானது. இதற்காகவே ஒவ்வொரு ஆவணத்தின் பிரதியையும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

லாச்சியின் திறப்பு உங்களிடமே இருக்கட்டும். இன்னொரு திறப்பு இருக்கும் இடத்தை வளர்ந்த பிள்ளை ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது அந்த மேசையில் உட்கார்ந்து, வரவு செலவை எழுதுங்கள். பதில் வராத கடிதங்களுக்கு மீண்டும் எழுதுங்கள். எழுதிய கடிதத்தின் பிரதியைத் திகதி குறித்து லாச்சியில் சேருங்கள். மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கடதாசி எதற்கு, எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.