இல்லந்தேடி வந்த கொட்டகை
திரைப்பட அலைவரிசைகளின் வரலாறும் வகுப்பும்

தோற்றுவாய்

1905-ஆம் ஆண்டு நம் திருச்சிராப்பள்ளியில் ஒரு சிறு விற்பனை நடந்தது. தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் வேலையைத் துறந்து, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படங்காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார். தென்னகத் திரைப்பட வரலாற்றின் தொடக்க ஏடுகளில் நம் ஊரின் பெயர் இவ்வாறு இடம் பெற்றது.

அந்தக் கூடாரத்தின் தனிச்சிறப்பு யாது? மக்கள் படத்தைத் தேடிச் செல்லாமல், படம் மக்களைத் தேடி வந்தது என்பதேயாம். அந்த நடையின் கடைசி அடியே இன்று நம் கூடத்துச் சுவரில் இரவும் பகலும் ஒளிரும் திரைப்பட அலைவரிசை. அஃது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, அதற்கு நாம் எவ்வாறு விலை கொடுக்கிறோம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திரைப்படத்தையே வீண் என ஒதுக்கும் பெரியோர் நம் அவையில் உண்டு என்பதை அறிவேன். அவர்தம் கருத்தை மதிக்கிறேன். ஆயினும், பார்ப்போர் வீட்டிலும் பாராதார் வீட்டிலும் மாதந்தோறும் தொகை கட்டப்படுகிறது. எதற்குக் கட்டுகிறோம் என்று அறிவது இருசாராருக்கும் கடமையன்றோ!

கட்டண அலைவரிசையின் பிறப்பு

விளம்பரத்தை நம்பாமல், பார்ப்பவரின் சந்தாவையே நம்பித் திரைப்படம் காட்டும் முறைக்கு வழிகாட்டியாக அமைந்தது அமெரிக்காவின் எச்.பி.ஓ. எனலாம். 1972 நவம்பர் 8 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி நகரில், சில நூறு வீடுகளுக்கு மட்டும் கம்பி வழியாக அது படங்காட்டத் தொடங்கியது. 1975-இல் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பியபோது, ஓரிடத்து நிகழ்ச்சியை நாடெங்கும் உள்ள கம்பிவட நிலையங்களுக்கு ஒரே நொடியில் வழங்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இம்முறை எளிதில் விளங்கக்கூடியது. பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு நிலையத்திலிருந்து அலைகள் அனுப்பப்படுகின்றன. கோள் அவற்றை வாங்கி மீண்டும் நிலத்திற்குப் பொழிகிறது. ஊரிலுள்ள கேபிள் நிலையத்தார் பெரிய தட்டு வைத்து அவற்றைப் பிடித்து, கம்பி வழியே வீடுகளுக்குப் பகிர்கின்றனர். கட்டண அலைவரிசையாயின் அந்த அலைகள் குழப்பி அனுப்பப்படும். குழப்பத்தை நீக்கும் திறவுகோல் பெற்ற பெட்டியில் மட்டுமே படம் தெளியும். பூட்டு வானத்தில், சாவி வீட்டில் என்று சுருங்கச் சொல்லலாம்.

தமிழகத்திற்கு வந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப் பெற்றது. வாரம் ஒரு தமிழ்ப்படம், வெள்ளி தோறும் 'ஒளியும் ஒலியும்' என்ற அளவில் திரை விருந்து அமைந்த காலம் அது. பற்றாக்குறையே அக்காலத்துச் சுவை. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், அத்தெருவே அவ்வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்திருந்தது.

எண்பதுகளில் வீடியோ நாடா வந்தது. புத்தூர் நால்ரோட்டை அடுத்த எங்கள் தெருவில், ஒரு வீட்டு மாடியில் நாடாவை ஓடவிட்டு, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கம்பி கட்டிப் பத்திருபது வீடுகளுக்குப் படம் கொடுத்தார் ஒருவர். மாத வசூலுக்குச் சிறு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வருவார். 'அடுத்த படம் என்ன?' என்று வாசலிலேயே கேட்டு விடுவோம். நான் கண்ட முதல் திரைப்பட அலைவரிசை அதுவே. நிகழ்ச்சி வகுப்பாளரும் அவரே, வசூலிப்பவரும் அவரே.

1991-க்குப் பின் வெளிநாட்டு அலைவரிசைகள் இந்திய வானில் தோன்றின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சியும், 1994 அக்டோபரில் ராஜ் தொலைக்காட்சியும் தமிழில் மலர்ந்தன. 1995-இல் கேபிள் தொலைக்காட்சி முறைப்படுத்தும் சட்டம் வந்தது. மாடியில் தட்டு வைத்த நம் தெருக்காரர் அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியவரானார். சன் குழுமத்தின் கே டி.வி. 2001 அக்டோபர் 22 அன்று தொடங்கி, நாள் முழுவதும் தமிழ்ப்படங்களைக் காட்டும் அலைவரிசையாக நிலைபெற்றது. ராஜ் டிஜிட்டல் பிளஸ், ஜெயா குழுமத்தின் ஜெ மூவிஸ், ஜீ குழுமம் 2020-இல் தொடங்கிய ஜீ திரை ஆகியன இவ்வகையில் அடங்குவன.

அமெரிக்க முறைக்கும் நம் முறைக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. அங்கே சந்தா கொடுத்தால் விளம்பரம் இல்லை. இங்கே சந்தாவும் உண்டு, விளம்பரமும் உண்டு. எச்.பி.ஓ. நிறுவனமே 2000-இல் இந்தியாவுக்கு வந்தபோது விளம்பரத்தோடுதான் வந்தது. 2013-இல் விளம்பரமற்ற இரு அலைவரிசைகளை அது தொடங்கிப் பார்த்தது, அவை நீடிக்கவில்லை. 2020 டிசம்பரில் அதன் இந்திய அலைவரிசையும் நின்றுபோயிற்று. அதே 2013-இன் தொடக்கத்தில், 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்னரே வீட்டுத்தட்டு வழியாகத் தனிக்கட்டணத்திற்குக் காட்டத் திட்டமிடப்பட்டிருந்தது. திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர். அறிவித்தபடி அது நிறைவேறவில்லை. ஏழாண்டுகள் கழித்து, நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதத்தில் 'பொன்மகள் வந்தாள்' அரங்கைக் காணாமலே இணையவழி வெளியாயிற்று.

சாமமும் படமும்

இனி, நிகழ்ச்சி வகுப்பைக் காண்போம். தொல்காப்பியர் நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு நிலமும் ஓர் உணர்வும் உரியவாக்கினார். நாளை அறுபது நாழிகையாகவும், ஏழரை நாழிகை கொண்ட எட்டுச் சாமங்களாகவும் எண்ணுவது நம் முன்னோர் மரபு. ஏழரை நாழிகை என்பது மூன்று மணி நேரம். காலை 7, 10, பகல் 1, மாலை 4, இரவு 7, 10 எனத் தமிழ்த் திரைப்பட அலைவரிசை வகுத்துக்கொண்ட கட்டங்களும் மூன்று மணி நேரமே. பஞ்சாங்கம் பார்த்து வகுத்தார்களா என்று வியக்கத் தோன்றும். உண்மையில், தமிழ்ப் படத்தின் நீளமும் விளம்பரத்தின் நீளமும் சேர்ந்தால் கிடைக்கும் கூட்டுத்தொகை அது.

ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தை மீறலாகாது என்பது விதி. மூன்று மணிக்கு 36 நிமிடம். எஞ்சுவது 144 நிமிடம். படம் 160 நிமிடம் ஓடுமாயின் 16 நிமிடத்தை எங்கேனும் கழித்தாக வேண்டும். இல்லையேல் அடுத்த படம் தள்ளிப்போக வேண்டும். பாட்டு ஒன்று, நகைச்சுவைக் காட்சி ஒன்று எனக் கத்தரி விழுவதன் காரணம் இக்கணக்கே. இன்னொரு கத்தரியும் உண்டு. 'ஏ' சான்று பெற்ற படங்களைத் தொலைக்காட்சியில் அப்படியே காட்டலாகாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 2005-இல் தடுத்தது. உரிய பகுதிகளை நீக்கி மறுசான்று பெற்ற பின்னரே அவை இல்லத்துக்குள் வரலாம்.

பொழுதுக்கேற்ற படம் என்பதும் ஒரு கலை. பகலில் வீட்டிலிருப்போருக்கு ஒருவகை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் திரும்பும் மாலைக்கு ஒருவகை, குடும்பம் கூடும் இரவுக்கு ஒருவகை. எந்தப் படம் எவ்வளவு பார்க்கப்பட்டது என்பதை 2015 முதல் பார்க் எனப்படும் மன்றம், தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி அளந்து வருகிறது. மிகுதியாகப் பார்க்கப்பட்டது மீண்டும் வரும். மீண்டும் வருவதால் மீண்டும் பார்க்கப்படும். இச்சுழற்சியில் கறுப்பு வெள்ளைப் படங்கள் முதன்மை அலைவரிசைகளின் நல்ல பொழுதுகளிலிருந்து ஒதுங்கின. அவற்றை நாடுவோர் சன் லைஃப், முரசு போன்றவற்றின் பக்கம் செல்ல வேண்டியதாயிற்று.

உரிமையும் எச்சமும்

அலைவரிசை எந்தப் படத்தையும் தானே எடுத்துக் காட்டிவிட முடியாது. படைப்பாளியிடமிருந்து செயற்கைக்கோள் ஒளிபரப்பு உரிமையை வாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். 1964-இல் வெளியான படத்தின் காப்பு 2024-ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் உரிமை பொதுவானாலும் படச்சுருள் பொதுவாகி விடுவதில்லை. நல்ல படி எவரிடம் உள்ளதோ அவரிடமே படம் வாழ்கிறது.

இதன் அருமை நமக்கு எளிதில் புலப்படும். தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. முப்பதுகளின் தமிழ்ப்படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. நாடெங்கும் படங்களைத் தேடிக் காக்கும் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனேயில் தோன்றியதே 1964-இல்தான். ஓலைச்சுவடி செல்லரித்த கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் நாம், படச்சுருள் நொறுங்கிய கதையைக் கேட்டும் வருந்த வேண்டாவா?

பெட்டியும் கட்டணமும்

விரும்பிய அலைவரிசைக்கு மட்டும் பணம் கட்டும் முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. அன்று இந்தியப் பெருநகரங்களுள் அதனை ஏற்று நிலைநிறுத்தியது சென்னை ஒன்றே. பின்னர் வீட்டுத்தட்டுச் சேவைகள் பரவின. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியது. 2019 பிப்ரவரி முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை வந்தது. ஒவ்வொரு கட்டண அலைவரிசைக்கும் தனி விலை அறிவிக்கப்பட்டது. வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை பார்வையாளருக்குக் கிட்டியது. ஏட்டளவில் இது நல்ல சட்டமே.

அந்தப் பிப்ரவரியில் எங்கள் வீட்டில் நடந்ததை இங்குச் சொல்ல வேண்டும். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அத்தா மறைந்த பின், கண்புரை அறுவையும் முடிந்து, நூல் படிக்க இயலாத நிலையில் அவருக்குப் பகல் நேரத் துணை பழைய படங்களே. 'பத்து மணிப் படம் முடியப் போகுது, உலையை வை' என்பார். எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுவாக இருந்தது. ஒரு காலை திரையில் படத்திற்கு மாறாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. 'மாசாமாசம் காசு குடுக்குறோம்ல தம்பி, படத்தை யாரு எடுத்துக்கிட்டுப் போனது?' என்று அம்மா கேட்டார்.

எவரும் எடுத்துச் செல்லவில்லை. நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவே. தேர்வுக்கென வீட்டிற்கு வந்திருந்த படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. சில நூறு பெயர்கள், பொடி எழுத்து. தமிழ் கற்பிக்கும் நானே அதனைப் படிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். தவறு என்னுடையதும் ஆகும். அன்று மாலை அமர்ந்து படித்து, தேர்ந்து, பணம் கட்டினேன். மூன்றாம் நாள் படம் திரும்பியது.

அதற்கு முன்பெல்லாம் வகுப்பறையில் தொலைக்காட்சியைக் காலக்கொல்லி என்று பழித்தவன் நான். அந்த வாரம் ஒன்று கண்டேன். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் என் மகள் 'வழி' என்பதை 'வலி' என்று ஒலித்தாள். 'நாக்கை மடிச்சுச் சொல்லும்மா, அவரு எப்படிச் சொல்றாரு பாரு' என்று திரையைச் சுட்டினார் அம்மா. நான் மூன்றாண்டாகத் திருத்த முயன்ற ழகரம் அன்று திருந்தியது. ஐந்தாம் வகுப்புப் படித்த மூதாட்டிக்கு அந்தப் படம் இலக்கணப் பாடமாக இருந்தது.

நிறைவுரை

ஆகவே, அலைவரிசையைப் புகழ்வதோ இகழ்வதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. பகலெல்லாம் படம் பார்த்துப் பாடத்தைக் கைவிடும் மாணவனுக்கு அது கேடே. அந்தக் கேட்டைப் பெற்றோரும் பெரியோரும் சுட்டிக்காட்டுவது நியாயமே. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தந்த பின், தேர்ந்தெடுக்கும் அறிவைத் தருவது எவர் பொறுப்பு? படிவத்தையும் பெட்டியின் அறிவிப்பையும் தமிழில் கேட்டுப் பெறுவது தமிழ் கற்றோர் பொறுப்பு.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் அருகில் ஒரு சாமம் அமருங்கள். அவர் பார்க்கும் அலைவரிசைக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், பாராதவற்றுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கணக்கெடுங்கள். அவர் நினைவிலிருக்கும் படங்களின் பெயரையும், அவற்றைப் பார்த்த கொட்டகையின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். திருச்சியின் பழைய அரங்குகள் பல இன்று இல்லை. அவற்றை நினைவில் வைத்திருப்போரும் நெடுநாள் இருக்கப் போவதில்லை. அந்தக் குறிப்பேடுகளை நம் துறைக்குக் கொண்டு வாருங்கள். தொகுத்து வைப்போம்.

என் தாயார் சொன்ன பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை நாற்பத்தொரு படங்கள் ஆகியுள்ளன.