உறுமிக்குக் கணக்கு எழுதியவர் யார்?

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் இருக்கும் எட்டயபுரத்தில் 1904-ல் ஒரு பெரிய புத்தகம் அச்சேறியது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில் இரண்டு தொகுதிகள், சுமார் 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை, எந்தச் சுரத்தில் எந்தக் கமகம் என்று தனிக் குறி போட்டு எழுதிவைத்த நூல் அது. எழுதியே ஆக வேண்டும் என்று நச்சரித்தவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். செலவை ஏற்றது எட்டயபுரம் ஜமீன். இங்கே கவனிக்க வேண்டியது ஜமீன் யார் என்பதைத்தான். ஜமீனை ஆண்ட எட்டப்பர்கள் ராஜகம்பளத்து நாயக்கர்கள்; வீட்டில் தெலுங்கு பேசுகிற மொழிச் சிறுபான்மையினர். அவர்கள் சமூகத்துக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு, தேவராட்டம். மணியாச்சி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் கம்பளத்தார் வீட்டுக் கல்யாணமும் சாமி கும்பிடும் அது இல்லாமல் நிறைவதில்லை. அரண்மனைக்குள் பாடிய கீர்த்தனைக்கு 1,700 பக்கம் கிடைத்தது. அரண்மனைக்காரர்களின் சொந்த ஆட்டத்துக்கு அடிக்கிற உறுமி மேளத்துக்கு ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. இதற்காகச் சுப்பராம தீட்சிதரைக் குறை சொல்வது அநியாயம், அவர் எடுத்துக்கொண்ட வேலை வேறு. ஆனால் எழுதத் தக்க இசை எது என்ற தீர்ப்பு அந்தக் காலத்திலேயே உறுதியாகிவிட்டது. பணமும் அச்சகமும் அதிகாரமும் கையில் இருந்தவர்களே தங்கள் சமூகத்து இசையை எழுத வேண்டியதாக நினைக்கவில்லை.

பிற்பாடு நாட்டார் வழக்காற்றை மதிக்கிற தலைமுறை வந்தது. நா. வானமாமலை 1964-ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார்; கட்டபொம்மன் கதைப்பாடலைப் பதிப்பித்தார். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையும் கதைகளையும் சேர்த்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு மையம் வைத்தது. இவர்கள் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். இருந்தும் அச்சில் ஏறியது பெரும்பாலும் சொல்தான். மெட்டும் தாளமும் பாடியவர் தொண்டையிலேயே தங்கிவிட்டன. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இந்தக் குறை சட்டென்று தெரியாது, வரிகளைப் படித்தாலே மனம் இளகிவிடும். தேவராட்டம்தான் இதை அம்பலப்படுத்துகிறது, ஏனென்றால் அதில் பாட்டே கிடையாது. கையில் துணி பிடித்து, காலில் சலங்கை கட்டி, வரிசையாக நிற்கிற ஆண்கள் தேவதுந்துபி என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லும் உறுமியின் அடியை மட்டும் கேட்டு ஆடுகிறார்கள். ஒரு முகத்தைக் குச்சியால் தேய்த்து உறும வைத்து, மறு முகத்தை அடித்து, கொட்டுகிறவர் அடியை மாற்றினால் கால் மாறும். எந்த அடிக்கு எந்தக் கால், எவ்வளவு நேரம் ஒரு அடியில் நிற்பது, எப்போது வேகம் எடுப்பது என்பதுதான் இந்த இசையின் இலக்கணம். பாட்டு வரிகளைத் தேடி நோட்டுப் புத்தகத்தோடு போகிறவர் வெறும் நோட்டோடுதான் திரும்புவார்.

இசையை அதை வாசிக்கிற மக்களோடு சேர்த்துப் படிக்கிற துறைக்கு இனவரைவு இசையியல் என்று பெயர். யார் வாசிக்கிறார், யாருக்காக, எந்தச் சடங்கில், யாரிடம் கற்று என்று கேட்பது அதன் முறை. சிறுபான்மையோர் இசை என்பது இன்று அதில் தனிக் கிளை. வியன்னா இசைப் பல்கலைக்கழகத்தில் ஊர்சுலா ஹேமேடெக் 2019-ல் இதற்கென்று ஒரு மையமே தொடங்கினார். தமிழ்நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. நீலகிரிக் கோத்தர் இசையைப் பற்றி ரிச்சர்ட் உல்ஃப் 2005-ல் ஒரு முழு நூல் வெளியிட்டார். பறையடிப்போரைப் பற்றி சோயி ஷெரினியன் படம் எடுத்தார். சாதி இழிவோடு கட்டப்பட்ட கருவியை அதன் கலைஞர்களே எப்படித் தலைநிமிர்வின் கருவியாக்குகிறார்கள் என்பதை அது பதிவு செய்தது. கம்பளத்தார் நிலை பறையடிப்போர் நிலை ஆகாது. பாளையப்பட்டு ஆண்ட வரலாறு ஒரு பக்கம், இன்றைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மறுபக்கம் என்று அவர்கள் நிற்கிறார்கள். சிறுபான்மை என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான் ஊர் ஊராகப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள், எழுதினால் உறைந்து போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். இதற்கு எட்டயபுரத்துப் புத்தகமே பதில் சொல்கிறது. அதில் எழுதியபடியே இன்று எல்லாரும் பாடுவதில்லை. பல கீர்த்தனைகள் மேடையில் வேறு மாதிரியே ஒலிக்கின்றன. எது பழைய பாடம், எங்கே மாறியது என்று வித்வான்கள் சண்டை போட அந்த நூல் ஆதாரமாக இருக்கிறது. உறுமிக்கு அப்படிச் சண்டை போடக்கூட வழியில்லை. ஜமீன் கோடாங்கிபட்டி என்ற ஊரின் ஆசான்களின் முயற்சியால் தேவராட்டம் பள்ளிக்கூடம், கல்லூரி, அரசு விழா மேடை என்று பரவியிருக்கிறது. ஆண்கள் மட்டும் ஆடியதைப் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் விடிய விடிய நடப்பது மேடையில் சில நிமிடமாகச் சுருங்கும்போது எந்த அடிகள் உதிர்ந்தன என்பதைச் சொல்ல ஒரு மூலப் பதிவு வேண்டும்.

சாதிவாரியாக இசையைப் படித்தால் சாதிப் பெருமைதானே வளரும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. மேலோட்டமாகப் படித்தால் வளரத்தான் செய்யும். "எங்கள் ஆட்டம், எங்கள் மன்னர்" என்று விழா மலர் போடுவதோடு நின்றால் அது ஆராய்ச்சியே இல்லை. ஆழமாகப் படிக்கும்போது வேலி தானாகவே விழுகிறது. தெலுங்கு பேசும் குடும்பங்களின் ஆட்டம் தமிழ் ஊர்க் கொடையோடு எங்கெங்கே கலந்தது, கருவி செய்பவர் யார், தோல் கட்டுபவர் யார் என்றெல்லாம் கேட்டால் ஒரு சமூகத்தோடு கதை முடியாது. காடல்குடி ஜமீன் வழியில் வந்த விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் ராக ஆலாபனைக்குப் பேர் போனவர், எழுத்தாளர்களான கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் அவர் பாட்டில் சொக்கியவர்கள். கரிசல் மண்ணையும் கர்நாடக இசையையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்தால் அவரை எதில் வைப்பது?

வெளியூர் ஆய்வாளர் பதிவு செய்து எடுத்துப் போய்விடுவார் என்ற மனத்தாங்கலும் பொய்யில்லை. டச்சுக்காரரான ஆர்னால்டு பாகே 1938 வாக்கில் தமிழகத்தில் பதிந்தவை ஐரோப்பாவில் கிடந்தன. 1984-ல் நஸீர் ஜைராஸ்போயும் ஏமி காட்லினும் அந்த ஒலியைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்கு வந்தார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் எது நிலைத்தது, எது மாறியது என்று அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இத்தகைய பதிவுகளை நம் நாட்டிலேயே காக்க ஓர் ஒலிக் காப்பகம் தொடங்கப்பட்டு, இன்று டெல்லியை அடுத்த குர்கானில் இயங்குகிறது. கரிசலுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாளையங்கோட்டையிலோ ஊர்ப் பள்ளியிலோ ஒரு படி இருந்தால் போதும்.

இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கம்பளத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளை பெண்ணைப் படம் எடுத்த பிறகு, வீட்டாரிடமும் கொட்டுகிறவரிடமும் கேட்டுக்கொண்டு, உறுமிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்து ஒரு அடி தொடங்கி முடியும்வரை வெட்டாமல் பதியுங்கள். ஊர், தேதி, கொட்டியவர் பெயர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். பதிவின் முதல் படியை அவரிடமே கொடுங்கள்.