நான்கு நிமிட வித்தியாசத்தில் இன்னொரு வானம்

பெப்ரவரி மாதத்து இரவொன்றில் கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளவருகே நின்று அண்ணாந்து பாருங்கள். சிரியஸ் தெரியும். வேட்டைக்கார ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் தெரியும். பொறுமையாக எண்ணினால் இன்னும் சில டசின் தேறும். அங்கிருந்து கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, ஹோர்ட்டன் சமவெளியின் ஓரத்தில் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ நிற்பவருக்கோ இரண்டாயிரத்துக்கு மேல் தெரியும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே வானம்தான். மலையில் உதித்த விண்மீன் சுமார் நான்கு நிமிடத்தில் கொழும்பிலும் உதித்துவிடுகிறது. உதித்ததை நாம்தான் காண்பதில்லை.

முதல் காரணம் வெளிச்சம். துறைமுகம், தாமரைக் கோபுரம், தெருவிளக்கு, விளம்பரப் பலகை என்று எல்லாவற்றிலிருந்தும் மேல்நோக்கி ஒளி சிந்துகிறது. அது நேரே விண்வெளிக்குப் போய்விட்டால் தொல்லையில்லை. காற்றின் மூலக்கூறுகளிலும் கடலுப்புத் துகள்களிலும் வாகனப் புகையிலும் பட்டுச் சிதறி, ஒரு பங்கு நம்மிடமே திரும்பிவருகிறது. இதற்கு வானொளிர்வு என்று பெயர். நகரத்து இரவு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடப்பது இதனால்தான். நீல ஒளி மற்ற நிறங்களைவிட மோசமாகச் சிதறும். பகல் வானத்துக்கு நிறம் கொடுப்பதும் அந்தக் குணமே. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைவிட, இன்றைய வெள்ளை எல்ஈடி விளக்கில் கலந்திருக்கும் நீலம் காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் சிதறுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்த அந்தத் துயரமான நாட்களில், இருண்ட தெருக்களுக்கு மேலே நட்சத்திரங்கள் திடீரென்று பெருகியதைக் கொழும்பில் பலரும் கவனித்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் காற்று. பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,897.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான நிலையம் இல்லை. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டர் அளவில் விரிகிறது. அந்த உயரத்துக்கு ஏறினால் வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலுக்குக் கீழே போய்விடும். தூசி, உப்பு, ஈரப்பதம் ஆகியவற்றில் பெரும்பகுதியும் கீழேயே தங்கிவிடும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாள் தரையில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும். முகில் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி விண்வெளிக்குத் தப்பிப் போவதால் வரும் குளிர் அது. சூடு வெளியே போக வழிவிடும் அதே தெளிந்த வானம்தான் விண்மீனின் ஒளி உள்ளே வரவும் வழிவிடுகிறது.

மூன்றாவது காரணம் நம் கண். என்னைக் கேட்டால் மூன்றிலும் பெரிய அதிசயம் இதுதான். படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்தவர் இருக்கை தேடித் தடுமாறிச் சற்று நேரத்தில் பக்கத்திலிருப்பவர் முகத்தைக் காண்பாரே, அந்த வித்தை இங்கே முழு அளவில் நடக்கிறது. கண்மணியின் துளை சில நொடிகளில் 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை விரிகிறது. உள்ளே வரும் ஒளி 12 மடங்காகிறது. அது வெறும் தொடக்கம். விழித்திரையில் நிறம் காணும் கூம்புக் கலங்களும், மங்கலில் வேலை செய்யும் கோல் கலங்களும் உண்டு. கோல் கலங்களில் ரொடொப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும். உயிர்ச்சத்து ஏயைக் கொண்டு உடல் அதை மறுபடி உண்டாக்க அரை மணிநேரம் வேண்டும். அதன்பின் கண்ணின் உணர்திறன் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறிவிடுகிறது. ஒரு கோல் கலம் ஒற்றை ஒளித்துகளுக்கே பதில் கொடுக்கும். இதைவிட நுண்மையாக உணர ஒளியில் எதுவும் மிச்சமில்லை!

இந்த அரை மணிநேர உழைப்பை, போனில் மணி பார்க்கும் ஒரு கணம் பாழாக்கிவிடும். கடுஞ்சிவப்பு ஒளியை மட்டும் கோல் கலங்கள் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் வான்நோக்குவோர் டோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றுகிறார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. விழித்திரையின் நட்டநடுவில் கோல் கலமே கிடையாது. மங்கலான விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் திரும்பிவரும்.

எந்த இரவில் போவது? நம் ஊரில் சுற்றுலா என்றால் போயா விடுமுறைதான். வானம் பார்க்க அதைவிடப் பொருந்தாத நாள் இல்லை. முழுநிலா அரைநிலாவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு பிரகாசம். ஆனால் இன்னொரு விடுமுறை இருக்கிறது: மகா சிவராத்திரி. அமாவாசைக்கு முந்திய இரவு, மலையகத்தில் பெரும்பாலும் மழை குறைந்த பருவம், விடியும்வரை கண்விழிக்கும் வழக்கம். வான்நோக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான இரவை யாராலும் திட்டமிட்டிருக்க முடியாது.

முதல் யாமத்தில் தெற்கே பாருங்கள். பளீரென்று நிற்பது அகத்திய நட்சத்திரம், வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம். லண்டனில் இருக்கும் நம் உறவினர் கண்ணுக்கு அது ஒருநாளும் எழும்புவதில்லை. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருப்பதால், ஒரு வருடத்தில் முழு வானத்தின் 99 வீதத்துக்கு மேல் நமக்கு மேலே வந்துபோகிறது. அகத்தியருக்கும் கீழே, அடிவானத்தை ஒட்டி ஒரு துண்டு வெண்முகில் நகராமல் நிற்கும். அது பெரிய மகெல்லன் முகில். 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள வேறொரு விண்மீன் கூட்டம். 1987 பெப்ரவரியில் அதில் ஒரு விண்மீன் வெடித்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மேற்கே கார்த்திகையில் எத்தனை விண்மீன் எண்ண முடிகிறதென்று பாருங்கள். ஆறு தெளிவாகத் தெரிந்தால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள்.

மூன்றாம் யாமத்தில் தெற்கே தென்சிலுவை, வடக்கே சப்தரிஷி மண்டலம். ஒரே நேரத்தில் இரண்டும். கலியாண வீட்டில் பகலில் ஐயர் கைகாட்ட, நாமும் பார்த்ததாகத் தலையாட்டிய அருந்ததி அங்கே வசிட்டருக்குப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிறாள். அவருடைய பிரகாசத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நகரத்து வானொளிர்வு அவளை எளிதில் விழுங்கிவிடும்.

நான்காம் யாமத்தில் தென்கிழக்கே பால்வழியின் மையப்பகுதி தனுசு ராசியில் எழும்பி நிற்கும். அந்த வெளிச்சப் புகை 26,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மையத்தின் திசை. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 10 பாகைகூட உயராது. நமக்கு 54 பாகை, பாதி வானத்துக்கு மேல்.

மலையகக் கோவில் நிருவாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிவராத்திரியில் மூன்றாம் யாமப் பூசை முடிந்ததும், வெளிவீதி விளக்குகளை ஓர் அரை மணிநேரம் அணைத்து வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து வடக்கே அருந்ததியைக் காட்டுங்கள். தொலைநோக்கி வேண்டாம். கம்பளி உடுப்பும், சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சும், போனை எடுக்காத கையும் போதும்.