பலகை ஒன்று, பாய் ஒன்று

கடலைக் கண்டால் கால் நனைத்து, கும்பிட்டுத் திரும்பி வா என்பதே நம்மில் பல குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வரும் பாடம். மும்பையிலும் கோவாவிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் ஆண்டுக்கணக்காகக் கடலருகே வாழ்ந்தும், நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் பலர் உளர். பெண்மக்களாயின் கேட்கவே வேண்டாம். இந்நிலையில், பலகை ஒன்றின்மேல் நின்று, பாய் ஒன்றைக் கையிற் பிடித்து, காற்றை மட்டுமே துணையாகக் கொண்டு உலக நாடுகளோடு போட்டியிட்ட பெண்ணொருத்தியின் வரலாற்றை அன்பர்கள் அறிவது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம். அவ்வரலாற்றைக் கூறுமுன், அவ்விளையாட்டு இன்னது என்பதைச் சிறிது காண்போம்.

பாய்ப்பலகை என்பது யாது?

ஆங்கிலத்தார் விண்ட்சர்ஃபிங் என வழங்கும் இவ்விளையாட்டைப் பாய்ப்பலகை ஓட்டம் என இங்குக் குறிப்போம். இதில் அமர்வதற்கு இடமில்லை, துடுப்பில்லை, திசை திருப்பும் சுக்கானும் இல்லை. நீளமான பலகை, அதன்மேல் பாய்மரம், பாயின் இருபுறமும் வளைந்து செல்லும் பிடிக்கொம்பு, இவ்வளவே. பாய்மரம் பலகையில் அசையாது நாட்டப்பட்டதன்று. எத்திசையிலும் சாயவல்ல மூட்டு ஒன்றால் அது இணைக்கப்பட்டுள்ளது. விளையாட்டின் உயிர்நிலை அம்மூட்டே. பாய்மரத்தை முன்புறம் சாய்த்தால் பலகையின் முகம் காற்றைவிட்டு விலகும்; பின்புறம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். ஆகவே, செலுத்துவோரின் உடலே சுக்கானாகி விடுகிறது.

அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹாயில் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் 1968-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கோரிப் பின்னர் அதனைப் பெற்றனர். ஆயினும், இங்கிலாந்தில் எழுந்த வழக்கொன்றில் சுவையான செய்தியொன்று வெளிவந்தது. 1958-ஆம் ஆண்டிலேயே ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவன், பலகையொன்றில் சாயும் பாய்மரத்தைப் பொருத்தி விளையாடியிருந்தான். அச்சிறுவனின் விளையாட்டே சான்றாகி, அந்நாட்டில் அக்காப்புரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. விடுமுறையில் பிள்ளைகள் செய்யும் வேலையெல்லாம் வீண் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இதுவும் ஒரு சான்றன்றோ!

போட்டி நடைபெறும் முறை

பன்னாட்டுப் பாய்ப்பலகைப் போட்டி ஒருநாட் கூத்தன்று. பல நாட்கள், பல ஓட்டங்கள் நடைபெறும். நீர்ப்பரப்பில் மிதவைகளை நட்டு வழி வகுப்பர். முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையிலேயே இருக்கும். காற்றை நேரெதிர்த்துச் செல்லப் பாயால் இயலாது. ஆதலின், வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்து, கோணற்கோணலாக ஏறுதல் வேண்டும். எப்பக்கம் முதலில் திரும்புவது, எங்கே காற்று வலுக்கும், எங்கே தளரும், நீரோட்டம் எவ்வழி இழுக்கும் என்பனவற்றை அவரவரே நொடிப்பொழுதில் முடிவு செய்தல் வேண்டும். வடக்கிலிருந்து வருவதை வாடை, தெற்கிலிருந்து வருவதைத் தென்றல், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை எனப் பிரித்துப் பெயரிட்ட மொழியினராகிய நமக்கு, காற்றைப் படிக்கும் இக்கலையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொடக்கமும் எளிதன்று. ஓடுகளத்தில் நிற்பதுபோல் கோட்டின்மேல் காலூன்றி நிற்பதற்கு நீரில் இடமேது? புறப்பாட்டுக்கு 5 நிமிடங்களுக்கு முன்பே கொடியும் ஒலியும் எச்சரிக்கும். அதுமுதல் அனைவரும் அலைந்துகொண்டே இருந்து, குறித்த நொடியில் கோட்டைக் கடத்தல் வேண்டும். முந்தியவர் திரும்பி வந்து மீண்டும் புறப்பட வேண்டும். அல்லது தண்டனை பெறுவர். காற்றுத் தளர்ந்த வேளையில் பாயை விசிறி போல் மீண்டும் மீண்டும் அசைத்துப் பலகையை உந்துவர். கையும் முதுகும் துடையும் எரிய எரியச் செய்யும் உழைப்பு அது.

வெற்றியைக் கணக்கிடும் முறை நம் மனத்தைக் கவர்வது. முதலில் வந்தோர்க்கு 1 எண், இரண்டாவதாக வந்தோர்க்கு 2 எண் என இடத்திற்கேற்ப எண்கள் கூடும். இறுதியில் எவர் கணக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். எல்லோருக்கும் மிக மோசமான ஓட்டமொன்றைக் கழித்துவிடுவதும் வழக்கம். ஒருவர் நான்கு ஓட்டங்களில் 1, 1, 12, 14 எனவும், மற்றொருவர் 3, 2, 4, 3 எனவும் வந்தனர் என்று கொள்வோம். கழித்தபின் முன்னவர்க்கு 14, பின்னவர்க்கு 8. இருமுறை முதலில் வந்தவர் தோற்க, ஒருமுறையேனும் முதலில் வாராதவர் வெல்கிறார்! ஒருநாட் புகழைவிடப் பலநாள் நிதானமே பெரிது என்பதை இவ்விளையாட்டின் கணக்கே கற்பித்து விடுகிறது. அதுமட்டுமன்று, ஒரு தவறு பொறுக்கப்படும் என்னும் பெருந்தன்மையும் அக்கணக்கில் அடங்கியுள்ளது.

மாமன் தந்த பலகை

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பாய்ப்பலகை முதன்முதலாக இடம்பெற்றது. பெண்களுக்கெனத் தனிப்போட்டி 1992-ஆம் ஆண்டு பார்சலோனாவில்தான் அமைந்தது. அங்கு 11-ஆம் இடம் பெற்றுத் திரும்பிய வீராங்கனையே நாம் கூறவந்த லீ லாய் ஷான்.

ஹாங்காங்கைச் சேர்ந்த சியுங் சாவ் தீவு, சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. மீன்பிடி படகுகள் நிறைந்த துறை, குறுகிய சந்துகள், தனியார் மோட்டார் வண்டிகள் ஓடாத தெருக்கள். அத்தீவில் 1970-ஆம் ஆண்டு பிறந்தவர் லாய் ஷான். அவருடைய தாய்மாமன் லாய் கன் என்பார் கடற்கரையில் பாய்ப்பலகைப் பயிற்சிக்கூடம் ஒன்று நடத்தி வந்தார். 12 வயதளவில் மருமகள் அங்குப் பலகையேறினாள். தாய்மாமன் சீர் என்றால் தட்டும் பட்டும் என அறிந்த நமக்கு, பலகையும் பாயும் சீராகக் கொடுத்த மாமனின் செய்தி புதுமையாகத் தோன்றலாம். ஆனால், அச்சீரின் மதிப்பு பின்னர்த் தெரிந்தது.

பார்சலோனாவில் 11-ஆம் இடம் பெற்றவர், அடுத்த ஆண்டாகிய 1993-இல் உலகப் பட்டத்தை வென்றார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரத்தை அடுத்த கடற்பகுதியில் நடைபெற்றன. அவ்வாண்டு முதல் மிஸ்ட்ரல் என்னும் ஒரே வகைப் பலகை எல்லோருக்கும் விதிக்கப்பட்டது. அதன் நீளம் 3.72 மீட்டர், பாயின் பரப்பு 7.4 சதுர மீட்டர். செல்வ நாட்டாருக்கும் சிறு தீவினருக்கும் கருவி ஒன்றே, காற்றும் ஒன்றே. முந்திய ஒலிம்பிக்கில் பொன் வென்ற நியூசிலாந்தின் பார்பரா கெண்டலும், இத்தாலியின் அலெஸாண்ட்ரா சென்சினியும் களத்தில் இருந்தனர். ஓட்டங்கள் முடிந்தபோது கெண்டல் வெள்ளியும் சென்சினி வெண்கலமும் பெற்றனர். பொன் லீ லாய் ஷானுக்கு உரியதாயிற்று.

ஹாங்காங் 1952-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிற்கு வீரர்களை அனுப்பி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதக்கம் ஒன்றேனும் வரவில்லை. வணிகத்திற்கு உரிய ஊர் அது, விளையாட்டிற்கு உரியதன்று என்பதே பலர் எண்ணம். அம்மண்ணின் முதற் பதக்கமே பொன்னாக வந்தது. ஹாங்காங் வீரர்கள் குப்பைகள் அல்லர் என்று செய்தியாளரிடம் அவர் அன்று கூறிய சொல், அவ்வூர் மக்களின் நெஞ்சில் இன்றும் நிலைத்துள்ளது. வெற்றிமேடையில் பிரிட்டிஷ் அரசியின் வாழ்த்துப்பா இசைக்கப்பட்டது. ஏனெனில் அன்று ஹாங்காங் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஓராண்டிற்குள், 1997 ஜூலை முதல் நாள், ஆட்சி சீனாவிற்கு மாறியது. பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் ஹாங்காங் பெற்ற ஒரே ஒலிம்பிக் பதக்கம் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. அடுத்த பொன்னுக்கு அவ்வூரார் 2021-ஆம் ஆண்டுவரை காத்திருந்தனர்.

பேரரசுகள் மட்டுமே வெல்லும் விளையாட்டன்று இது. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸில், இஸ்ரேல் நாட்டின் முதல் ஒலிம்பிக் பொன்னை வென்றவரும் கால் ஃபிரிட்மன் என்னும் பாய்ப்பலகை வீரரே. கால் என்பதற்கு எபிரேய மொழியில் அலை என்பது பொருள்! பெரும் படகுகளுக்குக் குழுவும் பெரும்பொருளும் வேண்டும். பலகைக்கோ ஓராளே போதும். சிறு இடத்துப் பிள்ளைகளுக்கும் இங்கு வழியுண்டு என்பதற்கு இவ்விரு பொற்பதக்கங்களும் கரி கூறுவன.

நம் நாட்டின் நிலை

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்து வருகிறது. 2022-ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டு விழா 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்றபோது, பாய்மரப் போட்டிகள் நிங்போ நகரத்தைச் சார்ந்த கடற்பகுதியில் நிகழ்ந்தன. அதில் இந்தியா மூன்று பதக்கங்கள் பெற்றது. ஆர்.எஸ்.எக்ஸ் பாய்ப்பலகையில் எபாத் அலி 52 நிகர எண்களுடன் வெண்கலம் வென்றார். ஐ.எல்.சி.ஏ 4 என்னும் சிறு படகில் நேஹா தாக்கூர் என்னும் 17 வயதுச் சிறுமி வெள்ளி வென்றார். 11 ஓட்டங்களில் அவர் பெற்ற மொத்த எண் 32. மோசமான ஓட்டத்தின் 5 கழிக்கப்பட்டு 27 ஆயிற்று. மேலே நாம் கூறிய கணக்கு அவருக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதை அன்பர்கள் காணலாம். அவர் மத்தியப் பிரதேசத்து உழவர் ஒருவரின் மகள், பயின்றது போபாலில். கடலே இல்லாத மாநிலத்தில், ஏரி நீரிற் கற்றுக் கடலில் வென்றார்! போபாலிலும் நாக்பூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர், கடல் தொலைவில் உள்ளது என்று இனிக் கூற இயலாது.

மூன்றாவது பதக்கம் நம் வேலூர் மண்ணைச் சேர்ந்த விஷ்ணு சரவணனுடையது. இந்தியப் படைவீரராகிய இவர் ஐ.எல்.சி.ஏ 7 படகில் வெண்கலம் வென்றார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்று, அத்தகுதியை அடைந்த முதல் இந்தியப் பாய்மர வீராங்கனையானார். டோக்கியோவில் 35-ஆம் இடம் பெற்றவர், 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-ஆம் இடத்திற்கு முன்னேறினார். இவ்விருவரும் செலுத்துவது படகு; பலகையன்று. எனினும் காற்றும் கணக்கும் இரண்டிற்கும் பொது.

இடர்களையும் மறைத்தல் கூடாது. பலகையின் வகையை ஒலிம்பிக் அமைப்பினர் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றிவிடுகின்றனர். 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல். 2008 முதல் டோக்கியோ வரை ஆர்.எஸ்.எக்ஸ், 2024-இல் ஐகியூஃபாயில். இப்புதிய பலகையின் அடியில் இறகு போன்ற அமைப்பொன்று உண்டு. விரைவு கூடியதும் பலகை நீரைவிட்டு எழுந்து பறப்பது போற் செல்லும். எபாத் அலி பதக்கம் வென்ற நாளிலேயே அவருடைய பலகை வகை ஒலிம்பிக்கினின்று நீங்கியிருந்தது. பல்லாண்டு பழகிய கருவியை வைத்துவிட்டு, புதியதை விலைகொடுத்து வாங்கி, முதலிலிருந்து கற்றல் வேண்டும். பொருளற்ற வீட்டுப் பிள்ளைக்கு இது பெருஞ்சுமை. அரசும் சங்கங்களும் தோள்கொடாவிடின் திறமை கரையிலேயே தங்கிவிடும்.

பெற்றோர் செய்யத்தக்கது

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. முதலில் நீச்சல் கற்பியுங்கள். ஆணாயினும் பெண்ணாயினும் கற்பியுங்கள். அதன்பின் மிதவைச் சட்டை அணிந்து, தேர்ந்த பயிற்றுநர் கண்காணிப்பில் நீரில் இறங்கவிடுங்கள். பாய்ப்பலகையில் முதல் நாட்களில் கற்பது விழுவதும் ஏறுவதுமே. விழுந்தவர் பலகைமேல் ஏறி, நனைந்து கனத்த பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்தி, மீண்டும் புறப்பட வேண்டும். வேற்றூரில் வேரூன்ற வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் ஏற்ற பயிற்சி எளிதில் வாய்க்குமோ?

ஹைதராபாத்தின் உசேன் சாகரிலும், பெங்களூரின் அல்சூர் ஏரியிலும், போபாலின் பெரிய ஏரியிலும், மும்பைத் துறைமுகத்திலும் பாய்கள் விரிகின்றன. அங்கெல்லாம் நம் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் சங்கத்து ஆண்டு விழாவில் பாட்டும் நடனமும் பட்டிமன்றமும் உண்டு. அவை என்றும் இருக்கட்டும். அவற்றோடு, கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பொன்றை ஏற்பாடு செய்தல் சங்கத்தால் ஆகாத செயலன்று. சியுங் சாவ் தீவில் ஒரு மாமன் தனியாகச் செய்ததை, இத்தனை மாமன்மார் கூடிய சங்கம் செய்தல் அரிதோ? பொறுப்பாளர்கள் இதனை அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வார்களாக.