கம்பிக் கயிறு

எங்க அப்பா டிராக்டரில் வின்ச் மாட்டி, வெட்டிய மரங்களை இழுக்கும் வேலை செய்கிறார். வின்ச்சை எப்படிப் பராமரிப்பது என்று சொல்கிறேன்.

டிராக்டரின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதன் விசையில் வின்ச் டிரம் சுழன்று கம்பிக் கயிற்றைச் சுருட்டும். மரம் நகர்ந்து வரும்.

என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

1. கயிறு: கம்பி அறுந்திருக்கா, நசுங்கியிருக்கா, துரு ஏறியிருக்கா என்று பார்க்கணும். வெறுங்கையால் தடவினால் கம்பி கையைக் கிழித்துவிடும். தோல் கையுறை வேண்டும்.

2. பிரேக்: பட்டை தளர்ந்தால் மரம் பின்னால் நழுவும். நட்டைக் கொஞ்சம் முறுக்கி, சின்ன மரத்தில் சோதிக்கணும். அதிகம் முறுக்கினால் பட்டை சூடேறித் தேயும்.

3. யூ கிளாம்ப்: வளைவு கயிற்றின் குட்டை முனைமேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் இழுக்கும் கயிறு நசுங்கும்.

4. டிரம்மில் எப்போதும் சில சுற்று கயிறு மிச்சம் இருக்கணும்.

போன வருஷம் கயிற்றில் சில கம்பிகள் அறுந்திருந்தன. "இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்" என்று அப்பா போனார். கயிறு அறுந்து சாட்டை மாதிரி அவர் காலில் அடித்தது. மூன்று மாதம் வேலை இல்லை. அம்மா தோடு அடகுக்குப் போனது.

இப்போ காலையில் கயிறு பார்ப்பது நான்தான். நான் வேண்டாம்னு சொன்னா அப்பா கயிற்றை மாற்றிடுவார்.

வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைகளே, இழுக்கும் கயிற்றுக்கு நேராக நிற்காதீர்கள். கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நில்லுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி